மேளம் இல்லாத மாதங்கள்

எங்கள் கொரட்டூரில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி முடியும்வரை மேளம் கிடையாது, வேட்டும் கிடையாது. மழைக்கு ஏரி நிரம்பியதும் நாரைகள் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டிவிடும். அவற்றைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் யாராவது மேளம் கொட்டுவார்களா? கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். சாவைத் தள்ளிப் போட முடியாது. அதனால் அந்த மாதங்களில் எங்கள் பிணங்கள் ஓசையில்லாமல் போகும்.

ஏரிக் காவல் என் பொறுப்பு. நான் பொல்லாதவன். துப்பாக்கியோடு கொக்கு சுட வந்த வெள்ளைக்காரத் துரையையே வண்டிக்குக் குறுக்கே விழுந்து திருப்பி அனுப்பியவன். எங்கள் தெருத் துலுக்கானத்தின் தாய் அந்த மாதங்களில் செத்தபோது, பாடைக்கு முன்னால் நின்று மேளக்காரர்களை விரட்டியவனும் நான்தான்.

என் மனைவி வடிவுக்குச் சாவுமேளம் என்றால் உயிர். எங்கே கேட்டாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள். மார்கழியில் காய்ச்சலில் விழுந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா போய்ட்டா மோளம் வெப்பியா?"

"ஜோரா வெப்பேன். மொதல்ல கஞ்சியக் குடி."

பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. தை பிறந்து பத்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அவள் அண்ணன் எத்திராஜ் கோவில்பதாகையிலிருந்து மேளக்காரர்களோடேயே வந்து இறங்கினான். "என் தங்கச்சி சுமங்கலியாப் போறா. அநாதப் பொணமாட்டம் தூக்கிகினு போவியா மாப்ளே?" என்றான்.

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. துலுக்கானம் முன்னால் வந்தான். நாலு பேர் நடுவில் ஏசப் போகிறான் என்று தலை குனிந்தேன்.

"அடிக்கச் சொல்லு அண்ணாத்தே. இன்னிக்கு ஒருநாளு ஊரு ஒண்ணியும் சொல்லாது. எங்கம்மாதான் சும்மா போச்சு. அண்ணியாவது நல்லா போவட்டும்."

அவன் ஏசியிருந்தால் வீம்புக்காவது அடிக்கச் சொல்லியிருப்பேன். இப்படிப் பேசினவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"வாணாம்," என்றேன்.

என் மகள் தாட்சாயிணி தாயின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மாவுக்கு வாக்கு குடுத்தியே நைனா," என்றாள். அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. காரியம் முடிந்ததும் பூந்தமல்லிக்குப் புருஷன் வீட்டுக்குப் போனவள், இன்னும் இந்த வாசலை மிதிக்கவில்லை.

அன்றைக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போனோம். ஒரு நாரைகூட எழும்பவில்லை. குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தன. வடிவு போனது அவற்றுக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருஷம் காத்த அந்தப் பறவைகளை நான் வெறுத்தேன். ஒரு கல்லை எடுத்து எறிய வேண்டும்போல் இருந்தது. கையில் கொள்ளிச்சட்டி இருந்தது.

மாசியில் பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் அம்பத்தூரில் ரயில் இறங்கி, வண்டி பிடித்துப் பறவை பார்க்க வந்தது. காவல்காரன் என்று நான்தான் கரைமேல் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"பட்சிங்க சத்தத்தத் தவிர வேற சத்தமே இல்லையே. குடுத்து வெச்ச ஊருப்பா இது," என்றார்.

"ஆமாம்மா," என்றேன். முகம் கழுவுகிறவன் மாதிரி தண்ணீரில் குனிந்து, அவர்களுக்குத் தெரியாமல் அழுதேன்.