இர்மாவின் இடது கை

ஜீப்பின் பானெட்டிலிருந்து கார்னெட் ஃபாசெட் தேய்த்து அழித்த எண், மறுநாள் காலை அவன் மனைவி இர்மாவின் இடது கையில் இருந்தது. பான்கேக் புரட்டுவதற்காகச் சட்டைக் கையை மடித்தபோதுதான் அவளே பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை எழுத்து; தொடக்கத்தில் கனடா ராணுவ வண்டிகளுக்கே உரிய சி.எம்., அதன் பின் இலக்கங்கள். கடைசி இரண்டு மட்டும் தோலுக்கு அடியில் மங்கலாகக் கிடந்தன. கார்னெட் தட்டை ஒதுக்கிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தான். அடுப்பில் பான்கேக் கருகியது.

தப்பு முழுக்க அவனுடையது. எங்கள் ஹார்ட்ரிக் ஊரில் போர்க்கால ஜீப்பைப் புதுப்பிக்கிறவர்கள் மருந்து ஊற்றிப் பெயின்ட் உரிப்பதில்லை. ஈர உப்புத்தாளை வைத்துக்கொண்டு கையாலேயே பூச்சு பூச்சாக இறங்குவார்கள். மேலே விவசாயி அடித்த நீலம், அதற்குக் கீழே தீயணைப்புக்காரர்களின் சிவப்பு, அதற்கும் கீழே ராணுவப் பச்சை. பச்சையின் மேல் வெள்ளை தெரிந்தால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். அந்த எண் இருந்தால்தான் வண்டி எந்தப் படையோடு போனது, எந்தக் கரையில் இறங்கியது என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் வெறும் இரும்பு. கார்னெட்டுக்கு வெள்ளை தெரிந்தது. சிவப்பு நன்றாக ஒட்டுவதற்காக அடியில் பூசிய பிரைமர் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே போனான். நிமிர்ந்தபோது பானெட் பளபளவென்று வெறும் தகடாக இருந்தது.

செய்தி பரவியதும் ஜீப் சங்கத்துக்காரர்கள் டிரேசிங் தாளோடு வந்து இறங்கினார்கள். யாரும் வியக்கவில்லை, அழிந்த எண் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்வில் டான்ஸ்லி எழுத்தின் உயரத்தை அளந்து, சந்தேகமே இல்லை, அசல்தான் என்று அறிவித்துவிட்டு, இர்மா சுட்டிருந்த பட்டர் டார்ட்டில் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று அவளிடம் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கடைசி இரண்டு இலக்கங்களுக்காகக் கார்னெட் உப்புத்தாளை ஊறவைத்தான். ஜீப் வந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடுகூடக் கொட்டகையில்தான். இப்போது அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்தான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பிடித்த கை.

“வலிக்காது. மெதுவாத்தான் தேய்ப்பேன்.”

“வலிக்காதுன்னா உன் கையையே தேச்சுக்கோயேன்.”

“என் கையில ஒண்ணும் வரலியே” என்றான் கார்னெட். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அவள் கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை; அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் காரணம். மாலைதோறும் அவன் தேய்ப்பான், ரத்தத்தைத் துணியால் ஒற்றுவான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். ரெண்டும் தெரிஞ்ச பிறகும் இப்படி உக்காருவியா என்று ஒருமுறை கேட்டாள். ஆடாதே என்றான்.

ஏழும் மூன்றும் தெரிந்தன. அன்றைக்கே கொட்டகைக்கு ஓடி முழு எண்ணையும் ஜீப்பில் எழுதினான். அதன் பிறகு அந்த நாற்காலியில் பூனைதான் படுத்திருந்தது. ஆனால் ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஒன்றை மறைத்துவிட்டு வா, அப்போதுதான் போரில் மாண்டவர்களுக்கான நவம்பர் அஞ்சலி ஊர்வலத்தில் முதல் வண்டியாக விடுவேன் என்று ஆர்வில் கறாராகச் சொல்லிவிட்டார். எதை மறைப்பான் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. மீந்திருந்த ராணுவப் பச்சையை எடுத்து வந்து மனைவியின் கைக்கு அடித்தான். பிசிறில்லாமல் அடிக்க வேண்டுமே என்று அன்றும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் முதலாவதாகப் போனது. நெஞ்சில் நினைவுச் சின்னமான சிவப்புப் பாப்பி பூ குத்தி நடைபாதையில் நின்ற கூட்டம் கைதட்டியது; இர்மா ஒரு கையை மட்டும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

பச்சை எந்த சோப்புக்கும் போகவில்லை. வருடத்துக்குக் கொஞ்சமாக ஏறித் தோளைத் தொட்டது. அவளுடைய குளிர்காலக் கோட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். கார்னெட்டுக்குக் கண் மங்கியது, ஜீப்பை ஒரு அருங்காட்சியகம் கொண்டுபோனது, அவன் கொட்டகையிலிருந்து சமையலறைக்குத் திரும்பினான். பூனையை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது: அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு மச்சம் உண்டு. பனிச்சறுக்குத் திடலில் பழகிய காலத்தில் கையுறையைக் கழற்றி முத்தமிட்ட மச்சம். அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. அழுகையே வந்துவிட்டது.

உப்புத்தாளை ஊறவைத்தான். இர்மா கையை நீட்டினாள். பச்சை போனது, வெள்ளை எண் வந்தது. மச்சம் இதற்கும் கீழேதான் என்று எண்ணிக்கொண்டு தேய்த்துக்கொண்டே போனான். நிமிர்ந்தபோது அவன் பிடித்திருந்த கை தோள்வரை சில்லென்ற வெறும் தகடு. அதில் அவன் முகம் தெரிந்தது.

“எங்க நிறுத்தணும்னு உனக்கு இன்னும் தெரியல” என்றாள் இர்மா.

எங்கள் ஊர் ஏரிக்கரை ஊர், ஈரக்காற்றுக்குத் தகடு துருப்பிடிக்கும். தினமும் மெல்லிய எண்ணெய் தடவினால் போதும் என்று ஆர்வில் யோசனை சொன்னார். அதனால் இப்போது ஒவ்வொரு மாலையும் கார்னெட் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியிலிருந்து தோள்வரை தடவிவிடுகிறான். அவள் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு, ஆரம்பிச்சிட்டியா என்று கேட்பாள். எண்ணெய் அதற்குள் முழங்கையைத் தாண்டியிருக்கும்.