மாலை லாஞ்சின் முடிவு

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்துச் சலவைச்சாலையில் சுசீலாதேவிக்கும் மேரிசெலினுக்கும் இது இரண்டாவது குளிர்காலம். கிட்ட வரும்போது மெல்லக் கதைப்பார்கள், விலகும்போது குரலைக் கூட்டுவார்கள்.

ஊரில் சுசீலாதேவி வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியவள். டென்மார்க்குக்கு வந்தபின் ஒரு வரியும் எழுதவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பேனாவைப் பிடிக்கக் கையில் தெம்பிருக்காது. ஆனால் சில கிழமைகளாக விரிப்பு மடித்தபடியே மேரிசெலினுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அது அவளுடைய கதையல்ல. சபாரத்தினம் என்ற தபால் கந்தோர்க்காரர் ஊர்காவற்றுறைக்கு மாலையில் வரும் மோட்டார் படகை வைத்து எழுதிய ஒரேயொரு குறுநாவல், 'மாலை லாஞ்சு'. அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் செத்தும் போனார். விற்காமல் கிடந்த பிரதிகள் அச்சகத்தோடு எரிந்தன. சுசீலாதேவியின் பிரதி, போருக்கு அஞ்சி விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டில் கிடக்கிறதோ இல்லையோ.

ஓகூஸ் நகரில் ரோனியோக் கல்லச்சில் தமிழ்ச் சஞ்சிகை நடத்தும் செல்வரட்ணத்திடம் ஒருநாள் இதைச் சொல்லிவிட்டாள். "நினைவிலை இருக்கிறபடி எழுதித் தாங்கோ தங்கச்சி, சபாரத்தினத்தின்ரை பேரிலை போடுவம்" என்றார் அவர். இன்று பின்னேரம் பதில் கேட்டுப் போன் எடுப்பார்.

"நேற்று எதிலை விட்டனான்?" என்று கேட்டாள் சுசீலாதேவி.

"பரிமளம் தேத்தண்ணிக் கடையைப் பூட்டிப்போட்டுத் துறையிலை நிக்கிறாள். புருசன் கொழும்பிலையிருந்து வாறான். லாஞ்சு தெரியுது. அதோடை நீங்கள் பஸ்சைப் பிடிச்சிட்டியள். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை."

"உனக்கோ? காலமை பஸ்சிலை குறட்டை விட்டுக்கொண்டு வந்தனி."

"அது களைப்பு அக்கா. நித்திரை வேறை. சொல்லுங்கோ."

இருவரும் விலகி விரிப்பை உதறினார்கள்.

"லாஞ்சு கரைக்கு வருது. அவன் இறங்கிறான். பரிமளம் ஒரு கையுறையைக் கழட்டினாள். பிறகு மற்றதையும் கழட்டிப்போட்டு அவன்ரை கையைப் பிடிச்சாள்."

மேரிசெலின் முனைகளைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "ஊர்காவற்றுறையிலை கையுறையோ அக்கா? அந்த வெயிலுக்கையோ? பிறகு அவன் சப்பாத்திலை இருந்த பனியைத் தட்டிப்போட்டு உள்ளுக்கை வந்தவனாக்கும்."

சுசீலாதேவிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மனதில் அந்தக் கையுறையை நீக்கிவிட்டு, புத்தகத்தில் அந்த இடத்தில் என்ன இருந்ததென்று தேடிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. பின்னோக்கிப் போனாள். கணவனும் மனைவியும் வாசலில் சந்தித்து, ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போவதாகப் போன கிழமை சொன்னாளே? வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் தினமும் எப்படி வாசலில் சந்திப்பான்? அது பரிமளத்தின் வீடல்ல, சுசீலாதேவியின் வீடு. கணவன் ஆனந்தராஜாவுக்குப் பேக்கரியில் இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை.

"நான் சொன்னதிலை எவ்வளவு அந்த மனிசன் எழுதினது எண்டு எனக்கே தெரியேல்லை, செலின்."

"அதுக்கென்ன? உங்கடையும் நல்லாத்தானே இருக்கு."

"அவர் எழுதினது ஒண்டே ஒண்டு. அதையும் நான் துவைச்சுப்போட்டன்."

மேரிசெலின் கூடையில் இருந்து அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆனந்தராஜா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். முகம் கழுவியும் தூக்கம் போகவில்லை. சுசீலாதேவி கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"என்ன, மேலுக்கு ஏலாதோ? காய்ச்சலோ?"

"செல்வரட்ணம் அண்ணை இப்ப போன் எடுப்பார். எழுதேலாது எண்டு சொல்லப் போறன். லாஞ்சு வந்து புருசன் இறங்கினாப் பிறகு என்ன நடந்ததெண்டு எனக்கு மறந்துபோச்சு."

அவன் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான். "உந்தத் துறைக் கதையோ? அவன் வரேல்லையே."

"என்ன?"

"லாஞ்சு வந்தது. சனமெல்லாம் இறங்கிச்சு. அவன் வரேல்லை. அவள் திரும்பிப்போய்க் கடையைத் திறந்து, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தினாள். கலியாணம் முடிச்ச புதிசிலை நீதானே சொன்னனி? சொல்லிப்போட்டு அழுதனி. எனக்கு அண்டைக்குச் சாப்பாடும் கிடைக்கேல்லை."

அவளுடைய நினைவில் திறந்த கடை, கொதிக்கும் கேத்தில், வரிசையாய் வைத்த கிளாசுகள் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆம், அதுதான். சபாரத்தினம் அவனை வரவிடவேயில்லை. ஆனந்தராஜா டென்மார்க்குக்கு முதலில் வந்து, சுசீலாதேவியைக் கூப்பிட இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடத்தில் எந்த நாளில் அவள் தன் மனதுக்குள் பரிமளத்தின் கணவனை லாஞ்சில் ஏற்றி வரவைத்தாளோ, அவளுக்கே தெரியாது.

"வேறை என்ன ஞாபகமிருக்கு உங்களுக்கு?"

"கொஞ்சம் இருக்கு. அவளின்ரை மாமியார் ஒரு பொல்லாத மனுசி. இப்ப கேக்காதை, பஸ் போயிடும்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் போன் அடித்தது.

"எப்பிடித் தங்கச்சி, எழுதுறியளோ?" என்றார் செல்வரட்ணம்.

"எழுதுறன் அண்ணை. ஆனா நான் தனிய எழுதினாப் பிழையாப் போகும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. அண்டைக்குத்தான் இவர் வீட்டிலை நிக்கிறவர்."