போயிட்டு வா என்று சொன்ன வீடு

நிலநடுக்கம் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியபோது கண்ணாடிக்காரி அதனிடம் "போயிட்டு வா" என்று சொன்னாள். மறுநாள் மத்தியானமே அது திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வரவில்லை, அவள் வீட்டுக்கு மட்டும் வந்தது.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். அந்த ஊருக்கு வெள்ளம் பழக்கம், தண்ணீர்ப் பஞ்சம் பழக்கம், புயல்கூட இரண்டொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நிலம் நடுங்குவது மட்டும் பழக்கமில்லை. அதெல்லாம் செய்தியில் வேறு யாருக்கோ வாசிக்கிற சமாசாரம் என்று இருந்தார்கள். ஆகவே காலை வேளையில் தெரு முழுக்கப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடியதும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மாவு மில். அந்தத் தெருவில் பால் திரிந்தாலும் மில்தான், பிள்ளை தூங்காவிட்டாலும் மில்தான், மாமியாருக்குத் தலை வலித்தாலும் மில்தான். கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டு ஆணும் பெண்ணும் மில் வாசலுக்கு ஓடி, "நிறுத்துய்யா மில்ல, வீடெல்லாம் ஆடுது" என்று சத்தம் போட்டார்கள். மில்காரர் நிதானமாக வெளியே வந்தார். தைக்கக் கொடுப்பதற்காகக் கழற்றிய பெல்ட் அவர் தோளில் கிடந்தது. "பெல்ட்டு இங்க கிடக்கு, மில்லு எப்படிய்யா ஓடும்?" என்றார். அப்படியானால் நேற்று ஓடியது எதற்கு என்று ஒருவர் பழைய கதையை எடுக்க, சண்டை சூடு பிடித்து, அது ஓய்வதற்குள் நிலநடுக்கம் ஓய்ந்துவிட்டது. ஊருக்கு முதன்முதலாக வந்த நிலநடுக்கத்தைப் பாதித் தெரு இப்படிச் சண்டையிலேயே கோட்டைவிட்டது. ஆனால் சண்டைக்கு ஓடி வந்த ஒருவர் தலையிலும் ஓடு விழவில்லை, விழுந்த ஓடெல்லாம் வெறும் கட்டில்மேலும் காலி நாற்காலிமேலும்தான் விழுந்தது. மில்காரர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

கண்ணாடிக்காரி சண்டைக்குப் போகவில்லை. மில்லுக்கு அடுத்த வீடு அவளுடையது. முன்னறைதான் கடை. அங்கே கண்ணாடிப் பலகைகள் மரச்சட்டங்களில் நெட்டுக்குத்தலாக நின்றன, பின்னால் அடுப்படியும் இரண்டு அறைகளும் இருந்தன. அன்றைக்கு சலூன்காரருக்காகச் செய்த ஆளுயரக் கண்ணாடி சுவரில் சாய்ந்து நின்றது. வாங்கிப்போக அவரும் வந்திருந்தார். தரை ஆடத் தொடங்கியதும் அவள் கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, காலை ஊன்றி நின்றுவிட்டாள். சலூன்காரர் மேசைக்கு அடியில் போய்விட்டார். ஆட்டம் நின்றபோது ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை. வாசல்வழியாக ஏதோ வெளியேறுவதுபோல் திரைச்சீலை ஒருமுறை உப்பி அடங்கியது. அப்போதுதான் அவள் மூச்சை விட்டு, வாய்ப் பழக்கத்தில், "போயிட்டு வா" என்றாள்.

அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. கிளம்புகிறவரிடம் மொட்டையாகப் "போ" என்று சொல்லக் கூடாது என்று அவளை வளர்த்திருந்தார்கள். வரி கேட்க வந்தவரிடமும் போயிட்டு வாங்க என்பாள். குறை சொல்லித் திட்டிவிட்டுப் போகிற வாடிக்கையாளரிடமும் அதேதான். ஒருமுறை திருட வந்து, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துப் பயந்து அகப்பட்டுக்கொண்டவனிடமும் போயிட்டு வா என்றாள், அவனும் வந்தான், இப்போது பால் ஊற்றுகிறான். ஆனால் மேசைக்கு அடியிலிருந்து எழுந்த சலூன்காரர் இதைக் காதால் கேட்டவர். சலூன்காரர் காதுக்குப் போனது ஊர் காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் அவள் வீட்டில் மட்டும் ஆட்டம் தொடங்கியதும், "பாத்தியா, கூப்பிட்டா வராம என்ன பண்ணும்?" என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

அது தினமும் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயர்கிற நேரம், வாசல் நிலையை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே வரும். முன்னறைக் கண்ணாடிகளெல்லாம் கிணுகிணுக்கும், பிறகு அடுப்படியில் தட்டுகள் ஆடும், பிறகு கடைசி அறையில் காலிக் கட்டில் ஆடும். மில்லுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றே. அந்தப் பக்கம் மில்காரரின் விளக்கு அசையாமல் தொங்கும், இந்தப் பக்கம் காலண்டர் பெண்டுலம்போல ஆடும். ஒருநாள் போயிட்டு வா என்று சொல்லாமல் இருந்து பார்த்தாள். அது சாயங்காலம்வரை போகவேயில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாமல் எல்லாம் மார்பில் சிந்தியது. கடைசியில் "சரி, போயிட்டு வா" என்று சொன்னபிறகுதான் நகர்ந்தது. இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற நிலநடுக்கம் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

அவள் அசருகிற ஆள் இல்லை. பழைய சைக்கிள் டியூப்களை வாங்கி வந்து கீறி, சட்டங்களைச் சுவரோடு கட்டினாள். பலகைகளுக்கு நடுவில் சாக்கு வைத்தாள், பாத்திரங்களுக்கு ஆணியும் கயிறும். ஆட்டம் வருகிற நேரம் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தவள், பிறகு அதையும் விட்டாள். கை மட்டும் நடுங்கினால் கோடு கோணும், தரையோடு மேசையும் மேசையோடு கையும் சேர்ந்து நடுங்கினால் கோடு நேராகத்தான் வரும் என்று கண்டுபிடித்தாள். நடுங்குகிற வீட்டில் வெட்டிய கண்ணாடி கைதவறிக் கீழே போட்டாலும் உடைவதில்லை என்று பேர் வந்து வியாபாரம்கூடக் கொஞ்சம் தேறியது. ஆனால் பொதுச்சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. கடைசி அறையின் வாசல்மேல் இன்னொன்று. அதைப் பார்த்துத்தான் மில்காரர் நகராட்சிக்குப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது, சுவர் அவருக்கும் சுவர்தானே.

நகராட்சியிலிருந்து வந்த இன்ஜினியரம்மா நல்ல மாதிரி. மத்தியானம்வரை இருந்து, நிலநடுக்கம் வந்துபோவதைத் தன் கண்ணால் பார்த்தார். அப்புறம் விரிசல்களுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டச் சொன்னார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடையும். மாதக் கடைசிக்குள் ஒரு பட்டை உடைந்தாலும் வீட்டை இடிக்க வேண்டியதுதான், தனக்கு வேறு வழியில்லை என்றார். பட்டைகளைக் கண்ணாடிக்காரியே வெட்டிக் கொடுத்தாள். கதவு ஜன்னலுக்குச் சட்டம் அடிக்கிற தச்சர் அவளுடைய அண்ணன். அவர் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தடியா வெட்டேன், யாருக்குத் தெரியப்போகுது" என்று முணுமுணுத்தார். "எனக்குத் தெரியுமே அண்ணா" என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்ததிலேயே மெல்லிய கண்ணாடியை எடுத்து வெட்டினாள். இன்ஜினியரம்மா கிளம்பும்போது வழக்கம்போல் போயிட்டு வாங்க என்றாள். அவரும் வராமலா இருப்பார்.

அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. போயிட்டு வா என்பதால்தானே வருகிறது, ஒரே ஒரு தடவை வெறுமனே போ என்று சொல்லிவிட்டால் தொலைந்துபோகும் அல்லவா என்றார். தெருவிலும் அதே பேச்சு. ஊருக்குப் புதுசு, மரியாதையாகப் போங்க என்று சொல்லிப் பார்க்கலாம் என்று சலூன்காரர் யோசனை சொன்னார். கண்ணாடிக்காரி எல்லோருக்கும் ஒரே பதிலாக, "அந்த வார்த்தைய மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தாள். அது மகளிடம். தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது அந்தப் பெண்ணுக்கு. அவ்வளவு உயரத்தில் உனக்கென்ன வேலை, கண்ணாடித் தொழிலைப் பழகு என்று தாய் பிடிவாதம், போயே தீருவேன் என்று மகள் பிடிவாதம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் வாசலில் நின்று, "போறேன்" என்றபோது, தாய் ஒரு நீளக் கண்ணாடியில் பாதிக் கோடு இழுத்திருந்தாள். கண்ணாடி வெட்டுகிறவர்கள் கோட்டை நடுவில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் அது தன் இஷ்டத்துக்கு உடையும். அவள் தலையைத் தூக்காமலே "போ" என்றாள். கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. கண்ணாடி மட்டும் கோடு போட்டமாதிரி நேராக உடைந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் வரவில்லை, வருஷங்கள் போயின. அந்த வீட்டு வாசலில் சொன்ன சொல் அப்படியே பலிக்கும் என்பது நிலநடுக்கம் வருவதற்கு முன்பே கண்ணாடிக்காரிக்குத் தெரியும். அவள் மகளை நினைத்து அழுதிருக்கிறாள், ஆனால் ஒருநாளும் கூப்பிடவில்லை. போனவள்தானே வரவேண்டும் என்று இருந்தாள். வந்தால் வருவதற்கு வீடு வேண்டும், கடைசி அறை வேண்டும், அந்தக் கட்டில் வேண்டும். அதனால்தான் வீட்டை விடமாட்டேன் என்று நின்றாள்.

மாதக் கடைசி வந்தது. பட்டைகள் அதுவரை தாங்கின. அன்று இன்ஜினியரம்மா வந்து முன்னறையில் நின்றார், தெரு முழுக்க வாசலில் நின்றது. நிலநடுக்கம் கூட்டத்தைப் பார்த்து மிரண்டதோ என்னவோ, வழக்கத்தைவிடக் கனமாக உள்ளே நுழைந்தது. முன்னறைக்கும் அடுப்படிக்குமாக அலைந்தது. கடைசி அறை வாசலில் போய் நின்றுகொண்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. மேலே இருந்த பட்டை பல்லைக் கடிப்பதுபோல் நறநறத்தது. அண்ணன் தாங்க முடியாமல் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தார்.

"சொல்லிடும்மா. ஒரே எழுத்து. போன்னு சொன்னா வீடு நிக்கும்."

கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள். கால் நடுங்குகிறது, தரை நடுங்குகிறது, எது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அப்போதுதான் கடைசி அறை வாசலில், உள்ளே போகவும் தெரியாமல் வெளியே வரவும் தெரியாமல் நிற்கிற அதைப் பார்த்து அவளுக்கு மனசு எப்படியோ ஆகிவிட்டது. வந்த நாளிலிருந்து போவதைப் பற்றித்தான் எல்லோரும் அதனிடம் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் வருகிற ஒன்றை வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தால் யாருக்குத்தான் கால் நடுங்காது? போவும் ஓரெழுத்துதான், வாவும் ஓரெழுத்துதான். அவள் அண்ணன் கையை விலக்கிவிட்டு, கடைசி அறைக்குப் போய், கட்டில்மேல் இருந்த தூசியை முந்தானையால் தட்டினாள்.

"வா," என்றாள். "உக்காரு."

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது, கனமான ஒருவர் உட்கார்ந்தால் கேட்குமே, அப்படி. அதோடு வீடு நின்றது. கண்ணாடிகளின் கிணுகிணுப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. இன்ஜினியரம்மா ஏணியில் ஏறி, பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. அவர் தரையில் ரசமட்டம் வைத்து ஆட்டம் நின்றதையும் பார்த்துவிட்டு, வீடு குடியிருக்கத் தக்கது, உள்ளே ஒரு நிலநடுக்கமும் குடியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மில்காரர், வந்ததே வந்தோம் என்று, கட்டில் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் கண்ணாடிக்காரி செல்போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவளும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "அம்மா?" என்று குரல் வந்ததும், "வா" என்றாள். மகள் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கூப்பிடறேன், வா."

மகள் வந்த மத்தியானம் தாய் மேசையில் குனிந்து ஒரு நீளக் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. கட்டர் பாதிவழியில் இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். தொழில் பழகிய நாளிலிருந்து ஒரு கோட்டை அவள் அப்படி நடுவில் விட்டதில்லை. கண்ணாடி தன் இஷ்டத்துக்கு, மூலைக்கு மூலை, சடசடவென்று உடைந்தது. நடுங்குகிற வீட்டில் வெட்டிய கண்ணாடி உடையாது என்ற பேரும் அன்றோடு போயிற்று. மகள் பதறி, "அம்மா, கண்ணாடி" என்றாள்.

"போனாப் போகுது" என்றாள் தாய். இத்தனை வருஷமாக வாயில் வராத சொல், அது பாட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை.

மகள் சில நாள் இருந்தாள். கடைசி அறைக் கட்டிலில் நிலநடுக்கம் இருக்கிறதே என்று தாய் தயங்கினாள். கிரேனில் இதைவிட ஆடும், எனக்கு ஆட்டம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்லி, அதைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு அவள் அங்கேயே படுத்தாள். லீவு முடிந்து கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேம்மா" என்றாள்.

"போயிட்டு வா" என்றாள் கண்ணாடிக்காரி.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சட்டங்களில் கண்ணாடிகள் மெல்லக் கிணுகிணுக்கத் தொடங்கின. அவள் தெருமுனையில் மகள் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"உன்னச் சொல்லல. நீ உக்காரு."