தண்ணீர் காட்டிய கட்டு

குருநகரில் வள்ளம் கட்டும் ஓடாவி மரியரட்ணம் போட்ட கயிற்றுக் கட்டு அவிழ்ந்ததைக் கண்டவர் இல்லை. கரையில் அப்படித்தான் சொல்வார்கள். கண்டிருக்கக்கூடியவன் ஒருவன் இருந்தான், அவருடைய தம்பி அடைக்கலநாதன். அவன் பதினொரு மாதத்துக்கு முன்பு கடலோடு போய்விட்டான்.

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வருடம் அது. வள்ளம் கட்ட மரமும் இல்லை, ஆணியும் இல்லை. குடாநாட்டின் வடக்கே புதிதாக வெட்டிய விமானத் திடலில் மரவேலைக்கு ஆள் எடுத்தபோது மரியரட்ணமும் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டிகளுக்கு மூடி அடிப்பதும் கொட்டகைக் கதவுகளைச் சீவுவதும்தான் வேலை. விமானத்தைத் தொட யாரும் விடுவதில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவரை விமானத்தடிக்கே கூப்பிட்டார்கள். இரண்டு பேர் முன்பின்னாக இருக்கும் சின்ன விமானம், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு கமராவைப் பொருத்திக் கரையோரம் முழுவதையும் ஓடும் படமாகப் பிடிக்க வேண்டுமாம். கமரா செங்கல்லைவிடச் சற்றுப் பெரிது, நாலு இறாத்தல் நிறை. அதனோடு வந்த இரும்புப் பிடி வேறு ஏதோ விமானத்துக்குச் செய்தது. இதில் பொருந்தவில்லை. இறக்கையைத் தாங்கும் கால்களில் துளை போடக்கூடாது என்பது கண்டிப்பான கட்டளை.

பொறுப்பாக இருந்த இயந்திரத் துரை நெடுநெடுவென்று மெலிந்தவர். வேலைக்காரர் அவருக்கு வைத்த பெயர் கொக்குத் துரை. அவர் கதைப்பதைத் தமிழாக்க, சாமான் களஞ்சியக் கிளாக்கர் அருட்பிரகாசம் நின்றார். உரும்பிராய்க்காரர், நெற்றியில் விபூதி கலையாத மனிதர்.

கொக்குத் துரை கமராவைக் கையில் எடுத்து, அது கழன்றால் எந்த வழியாகப் பறக்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். கோடு விமானத்தின் வாலில் போய் முடிந்தது. பிறகு இரண்டு கையையும் விரித்தார். அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை.

மரியரட்ணம் பூவரசங் கட்டையில் மாட்டுச் சேணம் போல ஒரு தாங்கி செதுக்கினார். அதன் உட்புறம் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். முன் இருக்கையின் வலப்புறம், மேல் இறக்கையைத் தாங்கும் காலில் அதை வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தென்னந்தும்புக் கயிற்றால் வரிந்தார். பாய்மரத்தின் அடியைப் படகோடு பிணைக்கிற அதே கட்டு. ஒன்பது சுற்று, குறுக்கே நாலு, முடிச்சு உள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

"துரை கேக்கிறார், கட்டுக்கு மேலாலை இன்னொரு கம்பியும் போடுவமோ எண்டு. கட்டு விட்டாலும் சாமான் கம்பியிலை தொங்குமாம்," என்றார் அருட்பிரகாசம்.

"கட்டு விட்டால் எல்லோ கம்பி?"

"அதைத்தானப்பா மனிசன் கேக்குது. விட்டால்?"

"என்ரை கட்டு விடாது எண்டு சொல்லுங்கோ, கிளாக்கர் ஐயா."

அருட்பிரகாசம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சொல்லுறன். பிறகு என்னிலை பழி போடாதையும்."

சொன்னார். தமிழில் மூன்று சொல்லாக இருந்தது இங்கிலீசில் இன்னும் நீளமாகப் போனது போல மரியரட்ணத்துக்குப் பட்டது. தன் குரல் ஏன் அவ்வளவு உரத்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கட்டின் மேல் மெதுவாக ஊற்றினார். குருநகரில் எந்தக் கட்டும் அப்படித்தான் முடியும். அதற்குக் 'கட்டுக்குத் தண்ணி காட்டுறது' என்று பெயர். தண்ணீர் குடித்த கயிறு ஊதி இறுகும், கடலுக்குள் போனபின் கடல் அதைக் காயவிடாது. தும்பு கறுத்து, மரத்தைக் கவ்விப் பிடித்தது. கொக்குத் துரை கமராவை ஆட்டிப் பார்த்தார், மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கடைசியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். அசையவில்லை. கம்பிச் சுருளைக் கீழே போட்டுவிட்டு மரியரட்ணத்தின் தோளில் தட்டினார்.

"துரையின்ரை வழக்கம் ஒண்டு இருக்குதாம்," என்று அருட்பிரகாசம் இழுத்தார். "பூட்டினவன் எவனோ, அவன்தான் முதல் தரம் கூடப் பறக்க வேணுமாம்."

"எதிலை?"

"உதிலைதான். பின்னை என்ன, சந்தைக்குப் போற தட்டிவானிலையே?"

"ஐயா, நான் கடற்காரன்."

"அதுக்கென்ன, விழுந்தாலும் கடலிலைதான் விழுவீர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விடாது என்று சொன்ன வாயால் இப்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. மரியரட்ணம் ஏறினார்.

தோளுக்கு மேலால் இரண்டு, இடுப்பால் இரண்டு என்று நாலு தோல்வாரை நெஞ்சில் கொண்டுவந்து ஓர் ஆணியால் பூட்டினார்கள். எப்படிக் கழற்றுவது என்று ஒருவரும் காட்டவில்லை. தலையில் தோல் தொப்பி, அதன் காதிலிருந்து பின் இருக்கைக்கு ஓடும் ஒரு குழாய். ஓட்டுகிற சின்னத்துரை பின்னால் இருந்து அதில் கதைப்பான். இவர் வாயருகிலும் ஒரு குழாய் இருந்தது. அதில் எதைச் சொல்வது? சின்னத்துரைக்குத் தமிழ் தெரியாது.

விமானத்துக்கு எண்ணெய் வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. வெயிலில் அப்படியே கட்டுண்டு இருந்தார். கமராவும் பக்கத்தில் கட்டுண்டு இருந்தது. கயிற்றின் கறுப்பு மெல்ல மெல்லச் செம்மண் நிறமாக மாறியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தும் அது மனதில் ஏறவில்லை.

விமானம் ஓடி எழுந்தபோது கண்ணை மூடிச் செபம் சொன்னார். திறந்தபோது தோட்டங்கள் பாய் விரித்தது போலக் கீழே கிடந்தன. கிணறுகள் பொத்தான் அளவு. ஒரு நிமிடம் பயம்கூட மறந்துபோனது. அப்போதுதான் பக்கத்தில் டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அது தனியாகக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். இளகிய பாய்மரம் அடிக்கட்டையில் மோதும் சத்தம்.

திரும்பிப் பார்த்தார். கயிறு வைக்கோல் நிறத்தில் இருந்தது. வெயில் ஒரு பாதி ஈரத்தைக் குடித்திருந்தது, விமானத்தின் முன் விசிறிக் காற்று மீதியையும் உறிஞ்சிவிட்டது. முதல் சுற்று தளர்ந்து, தாங்கியின் விளிம்பில் ஏறி நின்றது. இங்கே நனைக்கக் கடல் இல்லை. இத்தனை வருடத் தொழிலில் ஒரு கட்டு காய்ந்துபோகும் இடத்துக்கு அவர் கட்டியதே இல்லை.

ஒரே ஒரு தரம் தவிர.

கையை வெளியே நீட்டினார். காற்று கையைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தது. மறுபடி நீட்டி, இறக்கைக் காலோடு சேர்த்துக் கமராவை இறுக்கிப் பிடித்தார். டக் டக் நின்றது. மறு கையால் குழாயை வாயில் வைத்துக் கத்தினார்.

"கட்டு இளகுது! துரை, கட்டு இளகுது!"

காதுக்குள் சின்னத்துரையின் சிரிப்புக் கேட்டது.

"ஸ்ரொப்! ஸ்ரொப்!" தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான்.

இன்னும் பெரிய சிரிப்பு. ஆகாயத்தில் எங்கே நிற்பாட்டுவது? மரியரட்ணம் இடது கையைத் தூக்கிக் கீழே காட்டினார். இறக்கு, இறக்கு என்று விரலைக் குத்திக் குத்திக் காட்டினார். சின்னத்துரைக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. ஏதோ அன்பாகச் சொன்னான். விமானம் மூக்கைத் தாழ்த்தித் தெற்கே திரும்பியது. நல்லூர் கோபுரம் தாண்டியது, குருநகர் வந்தது, பக்கத்துக் கொழும்புத்துறை வந்தது, கடல்நீரேரி வந்தது. அங்கே வந்து விமானம் ஒருபக்கமாகச் சரிந்து வட்டமடிக்கத் தொடங்கியபோதுதான் மரியரட்ணத்துக்கும் விளங்கியது. குருநகர் ஆள் தன் ஊரைக் காட்டச் சொல்லிக் கேட்கிறான் என்று பெடியன் நினைத்துவிட்டான். ஊரைக் காட்டுகிறான்.

வட்டத்தில் கமராவின் பாரம் இரட்டித்தது. தோள்மூட்டு கழன்று வருவது போலிருந்தது. குனிந்து கயிற்றில் துப்பப் பார்த்தார், எச்சில் விழுந்தாவது ஒரு சுற்று இறுகாதா என்று. வாயில் எச்சில் இல்லை. கையை விட்டால் கமரா வாலுக்குப் போகும். பிடித்திருந்தால் எவ்வளவு நேரத்துக்குப் பிடிப்பது? தோல்வார் நாலும் அவரை இருக்கையோடு அழுத்தின. கீழே பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

கீழே நீரேரி பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. கரையோரம் வெளிர்ப் பச்சை, ஆழமான வாய்க்கால் மட்டும் ஒரு நீலக்கோடு. அந்த நீலக்கோட்டில்தான் தம்பி அடைக்கலத்தின் வள்ளம் கவிழ்ந்தது. கரையிலிருந்து ஒரு சாண். மேலிருந்து பார்க்க அவ்வளவுதான்.

போன வருடம் புதுப் பாய்மரத்தை அவர்தான் கட்டிக் கொடுத்தார். கட்டி, தண்ணீரும் காட்டினார். அன்று காற்றுச் சரியில்லை. வள்ளம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் கரையில் வெயிலில் கிடந்தது. தள்ளுகிற நேரத்தில் அடைக்கலம் கேட்டான், "அண்ணை, இன்னொருக்காத் தண்ணி காட்டுவமோ?" அவர் வலையைப் பார்த்துக்கொண்டு, நிமிராமலே சொன்னார், "நேற்றே காட்டிப்போட்டன். நீ போ."

தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்றுப் பாய்மரத்தைச் சரித்தது, மரம் அவன் தலையில் அடித்தது. காற்றுத்தான் என்றார்கள் எல்லாரும். பங்குச் சுவாமியாரும் பூசையில் காற்றென்றே சொன்னார். மரியரட்ணமும் தலையாட்டினார்.

மூன்று வட்டம். நாலாவதில் அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். கொழும்புத்துறையில் ஒரு முற்றத்தில் யாரோ வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. எறும்பளவு. அது அடைக்கலத்தின் பெண்சாதி யோசப்பினாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மரியரட்ணம் அவளுடைய வாசற் படலையில் அரிசிப் பையை வைத்துவிட்டு, கதைக்க நேரமில்லாதவர் போல நடந்துவிடுவார்.

விமானம் நிலத்தைத் தொட்டபோது அவருக்குக் கை இருப்பதே தெரியவில்லை. கொக்குத் துரை முதலில் ஓடிவந்து கமராவைப் பார்த்தார். இருந்தது. முகம் மலர்ந்தது. கமராவைச் சுற்றி மடங்கியிருந்த மரியரட்ணத்தின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுக்க வேண்டியிருந்தது.

"என்ன ஓடாவியார், பயத்திலை அதையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தனீர்?" அருட்பிரகாசம் சிரித்தார். "துரைக்குச் சந்தோசம், நல்ல புளுகம். நாளைக்கு இன்னும் மூண்டு பிளேனுக்கும் நீர்தான் கட்டவேணுமாம்."

"நான் பிடிச்சிராட்டில் அது போயிருக்கும். கட்டு இளகிப்போச்சு, ஐயா."

அருட்பிரகாசத்தின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார். "சாமான் வந்து சேர்ந்திட்டுது எல்லே? வாயைப் பொத்திக்கொண்டிரும். நான் தந்த உறுதி எல்லாம் என்ரை தலையிலை விடியும். நாளைக்கு வேணுமெண்டால் இன்னும் கொஞ்சம் கூடத் தண்ணி ஊத்தும்."

அது இலேசான வழி. பதினொரு மாதம் அவர் நடந்து பழகிய வழியும் அதுதான். மரியரட்ணம் இடது கையால் கொக்குத் துரையின் விரலைப் பிடித்து, தாங்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் விட்டார். விரல் முழுதாக உள்ளே போனது. கட்டைச் சற்று நெம்பினார். ஒன்பது சுற்றும் இறக்கைக் காலோடு வழுக்கிக் கீழே இறங்கின.

துரை தன் விரலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். பிறகு நடந்துபோய், காலையில் கீழே போட்ட கம்பிச் சுருளை எடுத்துவந்தார்.

"இதையும் சொல்லுங்கோ, ஐயா," என்றார் மரியரட்ணம். "காயிற இடத்துக்குத் தும்பு சரிவராது. எனக்கு அது முந்தியே தெரியும்."

பொழுது சாய முன்பே கொழும்புத்துறைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை. கையில் அரிசிப் பை இல்லை. மீன் காயவைத்த பாயை முற்றத்தில் சுருட்டிக்கொண்டிருந்தாள் யோசப்பின்.

"என்ன அத்தான், இண்டைக்கு? ஞாயிறும் இல்லை."

"பிள்ளை, ஒரு கதை சொல்லவேணும். அண்டைக்கு அடைக்கலம் என்னட்டைக் கேட்டவன்..."

"தண்ணி காட்டுவமோ எண்டு."

மரியரட்ணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்கள் நேற்றே காட்டினதெண்டு சொன்னியளாம். அவர் பாய்க்கம்பை மறந்துபோய், எடுக்க வீட்டை வந்தவர். அதைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். சிரிச்சுக்கொண்டு சொன்னவர். அண்ணை காட்டினால் காட்டினதுதான் எண்டு." அவள் பாயைச் சுவரோடு சாத்தினாள். "பதினொரு மாதம் அத்தான். ஒவ்வொரு ஞாயிறும் படலைச் சத்தம் கேட்கேக்கை, இண்டைக்குச் சொல்லுவார் எண்டு எழும்பி வாறனான். அரிசிதான் இருக்கும்."

அவர் சொல்ல வந்ததை அவளே சொல்லி முடித்துவிட்டாள்.

"கையிலை என்ன?" என்றாள்.

குனிந்து பார்த்தார். வலக்கை இன்னும் கமரா இருந்த அளவுக்கே மடங்கியிருந்தது. விரிக்கப் பார்த்தார், விரியவில்லை.

யோசப்பின் உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை, வாருங்கோ என்று சொல்லவும் இல்லை. மரியரட்ணம் முற்றத்திலேயே நின்றார். படலையால் வெளியே போகலாம் என்பது நினைவில் இருந்தது. போகவில்லை.