ராணிக்கு இரவல் குரல்

...இன்னும் கொஞ்சம் கோபம் வேணும் மேடம், என்று ஹெட்போனில் குரல் வருகிறது, இது பதினோராவது டேக், எவ்வளவு கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, உப்பு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் சொல்வான் டைரக்டர். ஸ்டுடியோவில் எல்லோரும் அவனைக் கத்திரி என்பார்கள், நான் எழுதுவதில் பாதியை வெட்டுவது அவன் வேலை, இன்றைக்கு என்னவோ எதையும் வெட்டாமல் இன்னும் வேணும் இன்னும் வேணும் என்கிறான். நான் கதை எழுதுகிறவள், நடிக்கிறவள் இல்லை. நான் எழுதும் கார்ட்டூன் தொடரில் ராணிக்குக் குரல் கொடுக்கும் நடிகைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு நாலு நாளாகப் பேச்சில்லை, படம் வரைகிறவர்களுக்கு வாயசைவு பார்க்க ஒரு கைடு குரலாவது இன்று வேண்டும், நீங்கதான எழுதினீங்க, உங்களுக்குத்தான் அவள நல்லாத் தெரியும், சும்மா படிச்சுட்டுப் போங்க, பத்து நிமிஷம், என்று கூட்டி வந்து இந்தப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டான். அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால். சுவர் முழுக்கக் கருப்புப் பஞ்சு, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக, பேசிய சொல் திரும்பி வருவதில்லை, பஞ்சு குடித்துவிடுகிறது. சத்தம் வரும் என்று ஏசியையும் நிறுத்திவிட்டார் ஒலிப்பதிவாளர், அவருக்கு உஷ் என்று பேர், காகிதம் சரசரக்குது உஷ், செருப்பு தேயுது உஷ், என் வயிறு ஒரு தடவை கடமுடா என்றதற்கும் உஷ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரி, உஷ், இரண்டு பேருக்கும் நடுவில் என் மகள். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது பொத்தானை அழுத்தினால்தான் எனக்குக் கேட்கும். மகள் ஏதோ சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள், என்ன சொன்னாள், என்னைப் பற்றியா... பெற்ற மகளின் வாயசைவைப் பார்த்து வார்த்தையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, நான் எழுதுவதோ வாயசைவுக்கு வசனம்.

அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்தப் படிவம். விமானம் பழுதுபார்க்கும் பயிற்சி, மூன்று வருஷம், வேறு ஊர், ரயிலில் ஒரு முழு நாள், விடுதியில் தங்க வேண்டும். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, அதனால் அப்பா அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அவள் அப்பா போட்டுக் கொடுத்துவிட்டார், அவருக்குக் கையெழுத்து எப்போதும் சுலபம், விவாகரத்துப் பத்திரத்திலும் என் பேனாவை வாங்கித்தான் போட்டார். இன்று ஐந்து மணிக்குள் இங்கே இருக்கிற அவர்கள் அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு நாளாக அது என்னிடம்தான் இருந்தது, தினமும் காலையில் கேட்பாள், போட்டாச்சாம்மா, முதல் நாள் படிச்சுப் பாக்கணும் என்றேன், அப்புறம் கண்ணாடியைக் காணோம் என்றேன், அப்புறம் பேனா எழுதவில்லை என்றேன், கதை எழுதிப் பிழைக்கிறவள் பேனா எழுதவில்லை என்றால் யார் நம்புவார்கள், மறுநாள் மேசையில் இரண்டு பேனா இருந்தது. இன்று படிவத்தை அவளே எடுத்துக்கொண்டு என் கூடவே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். ஐந்து வயதில் மிக்சியைக் கழற்றினாள், ஏழு வயதில் திரும்பப் பூட்டினாள், நடுவில் இரண்டு வருஷம் நான் வேறு மிக்சி வாங்கவே இல்லை, ஏன் வாங்கவில்லை, அவள் பூட்டிவிடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்... அப்படி நம்பிய நான் இப்போது ஒரு கையெழுத்துக்கு ஏன் இந்தப் பாடு படுத்துகிறேன்? பயமா? இல்லை, அவள் முடுக்கிய திருகாணி கழலாது. அவள் போய்விட்டால் வீட்டில் நானும் அம்மாவும். அந்த வாக்கியத்தை அதற்கு மேல் நான் முடிப்பதில்லை.

அம்மாவுக்கு எழுபத்தாறு, முழங்கால் இரண்டும் மடங்காது. பள்ளிக்கூடச் சீருடை தைத்து என்னை வளர்த்தாள், இரண்டு அறை வீடு, ஒன்றில் தையல் மெஷின், இன்னொன்றில் நாங்கள், ஆனாலும் நாங்கள் ராஜ வம்சம். அம்மாவின் அம்மாவுக்கு அம்மா என்று எண்ணிக்கொண்டே போனால் ஏழாவது ஆள் ராணி, அரண்மனையில் இருந்தவள், அதற்குச் சாட்சி அம்மாவின் முதுகு, தையல் மெஷின் முன்னால்கூட வளையாத முதுகு. ராஜ வம்சத்துப் பொண்ணு தெருவுல ஓடக் கூடாது, ராஜ வம்சத்துப் பொண்ணு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது, ராஜ வம்சத்துப் பொண்ணு பல்லு தெரியச் சிரிக்கிறதில்ல. மாமா ஒருநாள் வாயை விட்டார், அரண்மனையில இருந்தோம்கிறது சரிதான்க்கா, விளக்குத் துடைக்கிற வேலையில இருந்தோம், என்றார், அம்மா ஒன்பது வருஷம் தம்பியோடு பேசவில்லை. அந்த ஏழு பேரையும் நான் என் தொடரில் கொண்டுவந்து வைத்தேன். ஏழு ராணிகளின் ஓவியம், இளவரசி மாளிகையை விட்டு வெளியே கால் வைக்கப் போனால் ஓவியங்கள் பேசும், ஓடக் கூடாது, கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, எல்லாம் அம்மாவின் வாக்கியங்கள், கமா மாறாமல். எட்டாவது, உயிரோடு இருக்கும் ராணி, இளவரசியின் தாய், அவளுக்கு அம்மாவின் முதுகையும் கொடுத்தேன். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டி முப்பத்தாறு எபிசோடு, மூன்று சீசன். இது எல்லாருக்கும் பிடித்துப்போனது, அதுதான் ஆச்சரியம், யார் யாரோ பெண்கள் கடிதம் எழுதுகிறார்கள், எங்க வீட்டு ராணியை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அம்மா ஒரு வாரமும் விடாமல் பார்த்தாள். எப்போதாவது என் பக்கம் திரும்பி, ஏண்டி இது நான் சொன்னதாச்சே என்பாள் என்று முப்பத்தாறு வாரம் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது ஒன்றுதான், இந்த ராணி ஒருத்திதான் நியாயமாப் பேசறா, அந்தப் பொண்ணுக்குத் திமிரு.

...மேடம், பன்னெண்டாவது டேக் போலாமா, போலாம், "ஏழு ராணிகள் இந்த மாளிகையை விட்டு ஓரடி வைத்ததில்லை", இல்ல மேடம், கோபம் வருது, ஆனா யார்மேலன்னு தெரியல, என்கிறான் கத்திரி. எனக்கு மட்டும் தெரிகிறதா. இன்று காலையில் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், இன்னிக்குக் கடைசி நாளாமே, கையெழுத்துப் போட்டியா, என்றாள். இல்லை என்றேன். போட்டுக் குடு, அவ போகட்டும். என் கை நின்றுவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயதில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது, அதுவும் வேறு ஊர்தான், அதுவும் விடுதிதான், அம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே சொன்னாள், ராஜ வம்சத்துப் பொண்ணு ஊர் ஊரா அலையறதில்ல. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் முப்பத்தொரு வருஷம் கட்டி எழுப்பியிருக்கிறேன், வீடு, வேலை, ஏழு ராணிகள், எல்லாம். அவள விடுற, என்னை மட்டும் ஏம்மா விடல, என்றேன், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். உன்னையா, நீ எங்க கேட்ட, என்றாள். கேட்டேன்மா, லெட்டர் கொண்டு வந்து காட்டினேன். அம்மா யோசித்தாள், நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள், ஆமா, ஒரு தடவ கேட்ட, நான் வேணாம்னேன், நீ சரின்னுட்டுப் போய்ப் பொத்தான் டப்பாவ எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்ட, இவ பன்னெண்டு நாளா தினம் வந்து நிக்கறா, நீ ரெண்டாவது தடவ கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனோ யாரு கண்டா. பிறகு, இன்னும் கொஞ்சம் கீழ தேய், என்றாள். நான் தேய்த்தேன். வேறென்ன செய்ய... இரண்டாவது தடவை கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தது யாரம்மா, என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது, எனக்குப் பதில் வசனம் எல்லாம் பஸ்ஸில்தான் தோன்றும்.

மேடம், எதிர்ல ஆள் இல்லாமப் பேசறதாலதான் வரல, இளவரசி வசனத்தப் பாப்பா படிக்கட்டும், நீங்க பதில் சொல்லுங்க, என்கிறான் கத்திரி. வேண்டாம் என்று சொல்வதற்குள் காகிதம் அவள் கையில் இருக்கிறது, உறையைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தானில் விரல் வைக்கிறாள், அடுத்த நொடி அவள் குரல் என் இரண்டு காதுக்குள்ளும், தலைக்கு நடுவில் உட்கார்ந்து பேசுவது போல. "தாயே, எனக்கு விடை கொடுங்கள்." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலப் படிக்கிறாள். "விடையா? ஏழு ராணிகள் இந்த மாளிகையை விட்டு ஓரடி வைத்ததில்லை." "அவர்களில் ஒருத்தியாவது கேட்டுப் பார்த்தாளா?" இதை எழுதியது நான்தான், இரண்டு மாதத்துக்கு முன்னால், எழுதும்போது அது வெறும் வசனம், இப்போது என் மகளின் குரலில் காதுக்குள் வந்து விழுகிறது. "கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை." சொன்னது யார், என் வாயிலிருந்து அம்மாவின் குரல், அவள் பொத்தான் வைக்கும்போது பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டு பேசுவாளே அந்தக் குரல், கத்திரி கட்டைவிரலை உயர்த்துகிறான், கோபம் வந்துவிட்டதாம், கூண்டில் நின்று சாட்சி சொல்வது போல நான் நேராக நிற்கிறேன், என் முதுகு எப்போது இப்படி நிமிர்ந்தது? அடுத்தது இளவரசி, "நான் சென்றால் இந்த அரியணை என்ன ஆகும் என்று அஞ்சுகிறீர்களா", அதற்கு ராணி நாலு வரி கடமையைப் பற்றிப் பேச வேண்டும், நான் மூச்சை இழுத்துத் தயாராக நிற்கிறேன், அவள் படிக்கவில்லை. காகிதத்தைத் தாழ்த்திவிட்டாள். கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறாள்.

நான் போயிட்டா நீ யாருக்கும்மா ராணி?

என் காகிதத்தில் நாலு வரி பதில் இருக்கிறது, அது வேறு கேள்விக்கு எழுதிய பதில். இத்தனை நாளும் நான் இளவரசி என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன், காலைத் தூக்கி வாசலைப் பார்த்து நிற்கிறவள், ஏழு பேர் பிடித்து இழுக்கிறவள்... இவள் எப்போது என்னை அந்தப் பக்கம் நிறுத்தினாள்? கோபமாகக் கேட்கவில்லை, ஐந்து வயதில் மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு இது எதுக்கும்மா என்று ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினாளே, அந்த முகம், அவளுக்கு விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். ஏழு ராணிகளில் ஒருத்தியும் எனக்கு ஒரு வாக்கியம் கடன் தரவில்லை. அம்மாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். பஞ்சுச் சுவர் நான் பேசாததையும் குடித்துக்கொண்டிருந்தது, உஷ் கூட உஷ் என்று சொல்லவில்லை.

ஒம்பது செகண்டு, என்றான் கத்திரி, பொத்தானை அழுத்தி, மெதுவாக, இத நான் வெட்ட மாட்டேன் மேடம், ராணி பதில் சொல்லல, வாயத் திறந்து மூடறா, இப்படியே இருக்கட்டும், நடிகைக்கும் தொண்டை கட்டியிருக்கு, சௌகரியமாப் போச்சு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன், காது இரண்டும் கனன்றது. மகள், நான் யோசிச்சுக் கேக்கலம்மா, வாயில வந்துடுச்சு, என்றாள். பரவால்ல, குடு, என்றேன். உஷ்ஷின் மேசையில் ஒரு ஓரமாக வைத்துக் கையெழுத்துப் போட்டேன், பேனா நன்றாகத்தான் எழுதியது. அவள் காகிதத்தைத் திருப்பினாள், இந்தப் பக்கமும் ஒண்ணு, என்றாள், அதையும் போட்டேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், அவள் மணியைப் பார்த்தாள், மூணு நாப்பது, நடந்தே போயிடலாம், பாட்டிக்கு மாத்திரை நான் குடுத்துடறேன், நீ நிதானமா வா, என்று சொல்லிப் படிக்கட்டில் இறங்கினாள், இரண்டு படிக்கு ஒரு தாவலாக, ஓடாதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை, பெட்டியை விட்டு வெளியே வந்தும் இன்னும் என் குரல் எனக்குத் திரும்பி வராதது போல...

மேடம், ஒரு நிமிஷம், என்று பக்கத்து அறையிலிருந்து பின்னணி வரைகிற பெண் வந்தாள், கையில் வரையும் பலகை. சார் சீனை மாத்திட்டாராம், இளவரசி போனதுக்கப்புறம் ராணி அங்கயே நிக்கறாளா, பின்னால போறாளா? போவா, என்றேன், யோசிக்காமல். சரி, அப்ப கதவு எந்தப் பக்கம்? எந்தக் கதவு, என்றேன். ராணியோட அறைக் கதவு மேடம், மூணு சீசனையும் தேடிப் பாத்துட்டேன், ஜன்னல் இருக்கு, ஓவியம் ஏழும் இருக்கு, ஆசனம் இருக்கு, கதவ யாரும் வரையவே இல்ல, ஷாட் மாறினா எல்லாரும் நேரா அவ முன்னால வந்து நிப்பாங்க, அவதான் எங்கயும் போகலையே, அதனால தேவைப்படல, இடதா வலதா, சொல்லுங்க, போட்டுடறேன். பேனாவைப் பலகையின் மேல் பிடித்தபடி காத்திருக்கிறாள். எது ஆனால் என்ன, இடது என்று சொல்லிவிடலாம்... கண்ணை மூடி அந்த அறைக்குள் நிற்கிறேன், ஆசனத்திலிருந்து ராணி எழுந்திருக்க வேண்டும், முதலில் எந்தக் காலை ஊன்றுவாள், எதையாவது பிடித்துக்கொள்வாளா, எந்தப் பக்கம் திரும்புவாள், மூன்று வருஷமாக அவள் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம், அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை.