இசக்கித்துரை மேல் கிடக்கும் பனி

எங்கள் ஆபீஸில் பனி உருகிவிட்டது என்றால் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். எதிர்வீட்டுக் கோமதியம்மாளோ, அது சீக்கிரம் உருக வேண்டுமென்று சங்கரன்கோவில் அம்மன் சன்னதியில் நெய்விளக்கு ஏற்றுகிறாள். நடுவில் கிடந்து நான் முழிக்கிறேன்.

இமயமலைப் பனியாறுகளைச் சாட்டிலைட் எடுத்த படங்களில், பழைய உயரத்திலிருந்து புதிய உயரத்தைக் கழித்துப் பனி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கோமதியம்மாளின் மகன் இசக்கித்துரை பட்டாளத்தில் இருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு பனியாற்றில் பனிச்சரிவு வந்து அவனை மூடிவிட்டது. உடல் கிடைக்கவில்லை.

"மக்கா கோகிலா, படத்துல எம்புள்ள தெரிவானா?"

"மலையே கையளவுதான் தெரியும் பெரியம்மா. ஆளெல்லாம் தெரியாது," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. பிறகு மனசு கேட்காமல் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். "ஏழு மீட்டர் குறைஞ்சிருக்கு."

"அப்ப வந்துருவான். நம்ம ஊருக்குக் கொண்டாந்து முறையா காரியம் செஞ்சு அனுப்பி வச்சிருவேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அவள் மருமகள் சுமதி வந்து சண்டை பிடித்தாள். "ஒன்ன யாருக்கா பாக்கச் சொன்னா? ஆள் கிடைக்காத மட்டும் அவிய இருக்காவன்னு நெனச்சுக்கிட்டுதான் பொட்டு வைக்கேன். அதையும் உருக்கிருவியோ?"

நானா உருக்குகிறேன்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் நெற்றியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. யாருக்காக எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குப் புரியவேயில்லை.

போன வாரம் புதுப் படம் வந்தது. அந்த இடத்தில் மட்டும் பனி கூடியிருந்தது. கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது; மேலேயிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்திருக்கிறது. பெரியம்மாவிடம் எப்படிச் சொல்ல? சுமதியாவது சந்தோஷப்படுவாள் என்று அவளைத் தேடிப் போனேன்.

என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "உருகிட்டுன்னு சொல்லுக்கா. இனி என்னால முடியல. அவிய மொகத்த ஒருதடவ பாத்து அழுது முடிச்சிருதேன்."

"பனி கூடியிருக்குட்டி," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "அப்படின்னா நல்லதாக்கா, கெட்டதாக்கா?"

"தெரியலையேட்டி," என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.