எழுத்துப் பிசகாத குரல்

பகல் நேர ஆங்கிலச் செய்தி வானொலியில் போய்க்கொண்டிருந்தது. தையல்காரம்மா ஒரு சட்டைக்குக் கை ஏற்றிக்கொண்டே காதை அந்தப் பக்கம் கொடுத்திருந்தாள். வாசிக்கிறவர் அவள் கணவர். நிலையத்தில் வாயில்காப்பாளர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'வெண்கலம்'. அந்தத் தொண்டைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கல்யாணத்துக்கு முன்பு அவள் மயங்கியதே அந்தக் குரலில்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தாள், அதுவும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

அன்று செய்தியில் ஓர் இராணுவ அதிகாரி வந்தார். 'கர்னல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெண்கலம் கம்பீரமாகக் 'கொலொனெல்' என்றார். அடுத்த வரியிலேயே ஒரு தீவு வந்தது. அதை 'இஸ்லண்ட்' ஆக்கினார். தையல்காரம்மாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் இத்தனை வருடம் கேட்ட காது அது, ஏமாறாது. அந்த மொழியின் லட்சணத்தை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். 'கர்னல்' என்ற சொல்லில் 'ர்' ஒலி உண்டு, அந்த எழுத்தைத் தேடினால் கிடைக்காது. 'ஐலண்ட்' என்ற சொல்லில் 'எஸ்' நட்டநடுவே உட்கார்ந்திருக்கும், வாயைத் திறக்காது. டஃப், தோ, த்ரூ, காஃப் என்ற நான்குக்கும் எழுத்தில் வால் ஒன்றுதான், ஆனால் நாலு விதமாக ஆட்டும். தமிழும் ஒரேயடியாக யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. கல்லில் ஒரு 'க', தங்கத்தில் ஒரு 'க', அகலத்தில் ஒரு 'க'. ஆனாலும் எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் சொல்லாமல் கழுத்தறுக்கும். "எழுத்தைப் பாத்து ஏமாந்துடாத, அது சும்மா வேஷம்" என்பார் வெண்கலம்.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு கர்னலை வேற மாதிரி சொன்னீங்களே?"

"எப்படிச் சொன்னேன்? சரியாத்தானே சொன்னேன்."

"கொலொனெல்னு சொன்னீங்க."

"அதுல அப்படித்தானே எழுதியிருக்கு!"

அவர் எரிச்சலுடன் கூடச் சொல்லவில்லை. விஷயத்தை விளக்குகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நாக்கு பிசகிவிட்டது, கண் ஏமாற்றிவிட்டது என்று ஏதாவது சாக்கு சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகச் சோறு போட்டிருப்பாள். எழுத்தை நம்பாதே என்று ஆயுள் முழுக்கச் சொன்ன மனுஷன் எழுத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்.

அந்த வாரமே இயக்குநர் கூப்பிட்டு, ஆங்கிலச் செய்தி இனி வேண்டாம், மாலைத் தமிழ்ச் செய்தியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். வெண்கலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் அவளுக்குப் பயமாக இருந்தது. பழைய வெண்கலமாக இருந்தால் அந்த அறையின் கூரை பறந்திருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். தட்டில் வைத்ததையெல்லாம் காலி செய்துகொண்டே ஆறுதல் சொன்னாள்.

"ரெண்டு வார்த்தை பிசகினதுக்கா அண்ணி இப்படிக் கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு? அண்ணனுக்கு வயசாகலையா? அவரு தமிழ் படிக்கிறதைக் கேளுங்க. தண்ணி பட்ட பாடு. மூளையில ஏதாவது கோளாறுன்னா இப்படிப் படிக்க முடியுமா?"

அதை அவள் பிடித்துக்கொண்டாள். மாலைச் செய்தி நேரம் வந்தால் மெஷினை நிறுத்திவிடுவாள். வாடிக்கைக்காரர் யார் வந்தாலும் கையைக் காட்டி உட்கார வைத்துவிடுவாள். ழகரமும் ளகரமும் அவரவர் இடத்தில் நிற்க, ஓர் எழுத்துப் பிசகாமல் வெண்கலம் வாசித்து முடிப்பார். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். அவருக்கு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கைப் போடுவாள்.

ஆனால் வீட்டுக்குள் சின்னச் சின்னதாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. சோப்பு 'அது' ஆனது. வாளியும் 'அது' ஆனது. "அந்தச் சாமானைக் கொஞ்சம் எடேன்" என்று கையைக் காற்றில் ஆட்டுவார். அவளும் எதையாவது ஊகித்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊகம் சரியாகிவிட்டால் பெருமைப்பட்டுக்கொள்வாள். ஒருநாள் அவர் குடையை விரிக்காமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை கொட்டியது. அன்றுதான் அவள் மருத்துவரிடம் நேரம் கேட்டாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, பேச்சில் நிதானம். முதலில் சில ஆங்கிலச் சொற்களைக் காட்டினார். 'நைஃப்' வாயைத் திறந்ததும் 'க்னைஃப்' ஆனது. 'சோர்ட்' ஸ்வோர்ட் ஆனது. தடுமாற்றமே இல்லை, எல்லாவற்றையும் நம்பிக்கையோடு தப்பாகச் சொன்னார். பிறகு ஒரு தமிழ் நாளிதழைக் கொடுத்தார். வெண்கலம் தொண்டையைச் செருமிக்கொண்டு அரைப் பக்கத்தை வாசித்துத் தள்ளினார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா டாக்டர்!" என்றாள் தையல்காரம்மா. பாதி பெருமை, பாதி கெஞ்சல்.

மருத்துவர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"அம்மா, தமிழ்ல எழுத்து தெரிஞ்சாப் போதும், வாய் தானா சொல்லிடும். அர்த்தமே தெரியாத வார்த்தையைக் கொடுத்தாலும் நீங்க படிச்சிடுவீங்க. இங்கிலீஷ்ல பல வார்த்தைக்கு அந்த ஜம்பம் பலிக்காது. வார்த்தை முன்னாடியே நமக்குள்ள இருந்தாத்தான் சரியா வரும். அவருக்கு எழுத்து போகல. வார்த்தைங்கதான் போயிட்டிருக்கோன்னு நான் பயப்படறேன்."

"அப்போ தமிழ்ல மட்டும் எப்படி டாக்டர் இவ்வளவு நல்லா…"

"தமிழ்ல போனாலும் வெளிய தெரியாதும்மா. ஸ்கேன் எடுத்துடலாம். அதுக்குள்ள வீட்டுல ஒண்ணு பண்ணுங்க. எதையாவது படிக்கச் சொல்லுங்க. படிச்சதும், அப்படின்னா என்னன்னு கேளுங்க."

கேட்பது ஒரு வேலையா? வாயைத் திறந்தால் முடிந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை. இன்று துணி நிறைய இருக்கிறது, நாளைக்கு என்பாள். நாளைக்கு அவர் களைத்துப்போய் வந்திருப்பார். மாலைச் செய்தி மட்டும் விடாமல் வந்தது. இத்தனை நாள் அவளுக்கு மருந்தாக இருந்த அந்த அரைமணி நேரம் இப்போது கொலைக்களம் ஆகிவிட்டது. 'வெள்ளம்' என்று அவர் சொல்வார், குரல் சுத்தமாக இருக்கும். வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரிந்து சொல்கிறாரா? 'மூன்று குழந்தைகள் பலி' என்று வாசிப்பார். குரலில் சரியான அளவு துக்கம் இருக்கும். அது துக்கமா, பழக்கமா? எழுத்து பிசகாமல் வரவர அவளுக்குப் பயம் கூடியது. ஒரே ஓர் இடத்தில் தடுக்கி விழமாட்டாரா என்று ஏங்கினாள்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள் மத்தியானம், வெட்டுப்பலகையில் கறுப்புத் துணி ஒன்று விரித்துக் கிடந்தது. அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன்பு தானே அவரிடம் கேட்டுவிடுவது என்று திடீரென்று அவளுக்கு ஒரு வெறி வந்தது. குறி போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, துணியின் மேலேயே பெரிதாக எழுதினாள். கத்தரிக்கோல்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்களேன்."

"கத்தரிக்கோல்" என்றார். பொட்டில் அடித்த மாதிரி, அப்பழுக்கில்லாமல்.

"அதை எடுத்துக் குடுங்க."

அவர் பலகை மேல் பார்த்தார். ஊசிப்பெட்டி, அளவுநாடா, கத்தரிக்கோல், நூல்கண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அவர் கை நீண்டது, நூல்கண்டின் மேல் ஒரு நொடி நின்றது, பின்வாங்கியது. அவள் முகத்தைப் பார்த்தார், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

"கத்தரிக்கோல்…" என்று மறுபடி சொன்னார், மெதுவாக. "அப்படின்னா என்னம்மா?"

தையல்காரம்மா இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் அதற்குக் கண் தெரிவதில்லை. கட்டியை அழுத்திப் பிடித்து, முதல் சொல்லுக்குக் கீழே இன்னொன்றை எழுதினாள். மனைவி. எழுதி முடித்த நொடியிலேயே ஐயோ என்று இருந்தது. உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்தாள். கறுப்புத் துணியில் சுண்ணம் பரவியதே தவிர எழுத்து போகவில்லை.

அவர் குனிந்து பார்த்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடே கேட்கிற அந்தக் குரலில் வாசித்தார்.

"மனைவி."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. வாசித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சரியாம்மா?"

அர்த்தம் என்னவென்று கேட்க வேண்டும். அவள் வாய் வரைக்கும் வந்தது.

"ரொம்பச் சரிங்க" என்றாள்.